மானிப்பாயில் கிறீன் வைத்தியர்: விசுவாசமும் நற்கிரியையும்



விசுவாசம் பெரிதா, நற்கிரியை பெரிதா என்பது கிறிஸ்தவர்களிடையே மிகப் பழைய கேள்வி. மனிதன் கடவுள்முன் நீதிமானாவது விசுவாசத்தினாலேயே என்று உரோமருக்கு எழுதினார் பவுல். பசித்து வந்தவனுக்கு உணவு கொடுக்காமல் நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பும் விசுவாசத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார் யாக்கோபு. இருவரும் உதாரணம் காட்டியது ஒரே ஆபிரகாமைத்தான். 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் காலத்தில் திருச்சபை பிளவுபட்டதற்கு இக்கேள்வியும் ஒரு காரணம்.

இதே கேள்வி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரியையும் தொட்டது என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையின் ஒரு நுனி நியூ ஜேர்சியில் இருக்கிறது.

பிஸ்கட்டவேயிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் ஃபிரீஹோல்ட். 1793இல் அங்கே பிறந்தவர் ஜோன் ஸ்கடர். நியூயோர்க்கில் வைத்தியராக நல்ல நிலையில் இருந்தவர். நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது கையில் அகப்பட்ட ஒரு சிறு பிரசுரம் அவர் மனதை மாற்றியது. 1819இல் மனைவியோடு கப்பலேறினார். 1820இல் பண்டத்தரிப்பில் பணி தொடங்கி, வைத்தியமும் பார்த்தார், பிரசங்கமும் செய்தார்.

1847இல் அதே அமெரிக்க மிஷனுக்கு வந்து சேர்ந்தார் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கி, ஊர்ப் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு மருத்துவம் படிப்பித்தார்.

அப்போதுதான் சிக்கல் வந்தது. மிஷனரிகளை அனுப்பிய பொஸ்ரன் சபையின் செயலாளர் ரூஃபஸ் அன்டர்சனுக்கு ஊர்மொழியில் நற்செய்தி சொல்வதே முதல் வேலை. கல்வியும் வைத்தியமும் அதற்குத் துணை மட்டுமே. அவர் நேரில் வந்து பார்வையிட்டுப் போனதையடுத்து, 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்களே தவிர, ஊழியத்துக்கு வந்தவர்கள் குறைவு என்பது அவர்கள் குறை. அது முற்றிலும் பொய்யுமல்ல. ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் அடைபட்டது. ஊர்க் கிறிஸ்தவர்களின் விடாமுயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறக்கும்வரை பதினேழு வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கிறீன் இதற்கு வாதம் செய்து பதில் சொல்லவில்லை, வேலையால் சொன்னார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். தமிழில் படித்தவன் கிராமத்தில் தங்கி ஏழைக்கு வைத்தியம் பார்ப்பான் என்பது அவர் எண்ணம். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, இரசாயனம் ஆகியவற்றில் பெரிய நூல்களைத் தன் மாணவர்களின் துணையோடு தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். மதம் மாறினாலும் உடையிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருங்கள் என்றும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பெரும்பான்மையோர் சைவர்கள். அவர்களும் அவரிடம் வந்தார்கள், குணமடைந்து சைவர்களாகவே வீடு திரும்பினார்கள்.

கிறீன் விசுவாசத்தைக் குறைத்து மதித்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். 1884இல் மசாசூசெற்ஸில் காலமானார். தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்று தன் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். அவருக்கு இரண்டும் ஒரே ஊழியம்.

1999 ஒக்டோபர் 31இல் ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்க திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. இரட்சிப்பு கிருபையால் கிடைப்பது, நற்கிரியை அதற்குக் கொடுக்கும் விலையல்ல, அதிலிருந்து விளையும் கனி என்பது அதன் சாரம். மானிப்பாயில் அந்தக் கனியை எங்கள் முன்னோர் ஏற்கெனவே உண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்த நாட்களில், எங்களில் சிலருக்குக் குளிர்ச்சட்டை தந்த கைகள் என்ன சமயம் என்று கேட்கவில்லை. கனியிலிருந்துதான் மரத்தை அறிந்தோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது மானிப்பாய் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களா என்று இன்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.