நலமாக இருந்த நாளின் கணக்கு

கல்கத்தாவின் அலிப்பூர் மிருகக்காட்சிசாலை 1876இல் திறக்கப்பட்டபோது, அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் அரசுத் தந்தித் துறையின் எலக்ட்ரீஷியனாக இருந்த கார்ல் லூயி ஷ்வெண்ட்லர் என்ற ஜெர்மானியர். அவர் சொந்தமாக வளர்த்துவந்த விலங்குகளே அங்கே முதலில் குடியேறின. விலங்குகள் அவருக்குப் பொழுதுபோக்கு. பிழைப்பு தந்திக் கம்பிகள். கம்பியில் எந்த மைலில் பழுது என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுச் சொல்ல வழிகாட்டும் நூலொன்றை அவர் எழுதினார். அதன் இரண்டாம் பதிப்பு 1870களின் இறுதியில் லண்டனில் வெளியாயிற்று. பேட்டரியில் ஓடும் தோட்ட டிராக்டர் பாதிப் புல்வெளியில் நின்றுபோக, அதன் இருக்கையைத் தூக்கி மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும் இன்றைய மெக்கானிக்குக்கும் அந்த நூலுக்கும் என்ன உறவு? நெருங்கிய உறவுதான் என்பது என் கட்சி. பழுது பார்ப்பது பழுது வந்த அன்று தொடங்கும் வேலை அல்ல. எல்லாம் சரியாக ஓடிய நாளில் எடுத்த அளவில்தான் அது தொடங்குகிறது. இந்தப் புத்தி இந்தியாவில் தொழிலாக உருப்பெற்றது தந்திக் கம்பியில்.

கதை தொடங்குவதும் ஒரு தோட்டத்தில்தான். 1839இல் வில்லியம் ஓஷானசி என்ற மருத்துவர் கல்கத்தாவில், ஹூக்ளிக்கு மறுகரையிலுள்ள தாவரவியல் பூங்காவில், மூங்கில் கம்புகளில் கம்பியை மடக்கி மடக்கிக் கட்டி மைல் கணக்கில் மின்செய்தி அனுப்பிப் பார்த்தார். 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது. அதில் அவர் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த இரும்புக் கோலையே பயன்படுத்தினார். குரங்கு தொங்கினாலும் அறாது; தடிமன் கூடினால் மின்தடை குறையும், வழியில் கொஞ்சம் கசிந்தாலும் செய்தி போய்ச் சேரும். பழுதைத் தேடுவதைவிடப் பழுதைத் தாங்கிக்கொள்வது என்பதே அந்தத் தலைமுறையின் கொள்கை. குறுகிய தடத்தில் அது செல்லுபடியானது. தந்தி நாடெங்கும் நீண்டபோது ஆகவில்லை. கம்பியில் நேரும் கேடு மூன்றே வகை: அறுந்துபோவது, மண்ணில் கசிவது, பக்கத்துக் கம்பியோடு உரசுவது. நம் ஊர் வயர்மேன் ‘ஓப்பன்’, ‘எர்த்’, ‘ஷார்ட்’ என்று சொல்வதும் இவற்றைத்தான். வங்காளத்து மழைக்காலத்தில் மூன்றும் ஒரே இரவில் வரும்.

ஷ்வெண்ட்லர் காலத்து முறையின் சாரம் எளிது. ஒரு மைல் கம்பிக்கு 10 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். மண்ணைத் தொட்டுக் கிடக்கும் கம்பி 370 ஓம் காட்டினால் பழுது 37ஆவது மைலில். ஆனால் கம்பி ஈர மரக்கிளையில் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தொடுகையின் தடையும் கணக்கில் சேர்ந்து ஆளை ஏமாற்றிவிடும். அதனால்தான் இரண்டு முனைகளிலிருந்தும் அளப்பார்கள்; அல்லது பழுதில்லாத இன்னொரு கம்பியை அதோடு சேர்த்து வளையமாக்கி அளப்பார்கள். வழியிலுள்ள அலுவலகத்தில் கம்பியைப் பிரித்து, கேடு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று பார்ப்பதும் உண்டு. இவ்வளவும் எதை நம்பி நடக்கிறது? மைலுக்கு 10 ஓம் என்ற அந்தப் பழைய அளவை நம்பி. கம்பி நலமாக இருந்தபோது அளந்து பதிவேட்டில் எழுதியிராவிட்டால் 370 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பேட்டரியும் இப்படித்தான். இந்தியத் தந்தி அலுவலகங்களில் இருந்தவை மினோட்டோ கலங்கள்: அடியில் செப்புத் தகடும் மயில்துத்தமும், நடுவில் மணலோ மரத்தூளோ, மேலே துத்தநாகம். ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ ஒரு வோல்ட். வரிசையில் ஒன்று வறண்டுபோனால் வோல்ட் அதிகம் குறையாது; உள்தடை மட்டும் ஏறிவிடும். சும்மா இருக்கும் கலத்தைப் பார்த்தால் தெரியாது, வேலை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இனி டிராக்டருக்கு வருவோம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969 முதல் 1975 வரை ‘எலெக்-டிராக்’ என்ற தோட்ட டிராக்டரைத் தயாரித்தது. 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 36 வோல்ட். அதாவது 18 கலங்கள் வரிசையாக. நிறுவனம் கைவிட்ட பிறகும் உரிமையாளர்கள் பலர் அந்த வண்டிகளைத் தாங்களே பழுதுபார்த்து ஓட்டினார்கள். மேட்டில் ஏறும்போது மோட்டார் 100 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். வெள்ளையாகப் பூத்துப்போன ஒரு டெர்மினலில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும்: 2 வோல்ட் அங்கேயே தொலையும், 200 வாட் சூடாகும், கேபிளின் உறை உருகும். வண்டி நிற்கும்போது அதே டெர்மினலில் மீட்டர் வைத்தால் 36 வோல்ட் அழகாகக் காட்டும். ‘பேட்டரி நல்லாத்தானே இருக்கு’ என்று மோட்டாரைக் கழற்றும் அனர்த்தம் இங்கேதான் நடக்கிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பின் இரு பக்கமும் மீட்டரின் முனைகளை வைத்து அங்கே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி. சாவி, ஃப்யூஸ், இருக்கைக்கு அடியிலுள்ள பாதுகாப்பு ஸ்விட்ச், கான்டாக்டர் என்று நீளும் வரிசையில் நடுவில் முதலில் தொட்டுப் பார்க்கும் மெக்கானிக், வழியிலுள்ள தந்தி அலுவலகத்தில் கம்பியைப் பிரித்தவரின் வேலையையே செய்கிறார்.

ஆயிரம் மைல் கம்பியோடு நாலு முழக் கேபிளை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். தந்தியில் ஓம் ஆயிரக்கணக்கில், ஆம்பியர் ஆயிரத்தில் சில பங்கு. டிராக்டரில் அப்படியே தலைகீழ். ஆனால் வோல்ட் என்பது இரண்டின் பெருக்கல். ஒன்று சுருங்கினால் மற்றது பெருத்து ஈடுகட்டிவிடுகிறது. பழுது தன்னைக் காட்டிக்கொடுக்கும் விதம் மாறுவதில்லை. இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: மின்தடையை அளக்கும் ‘பாலம்’ என்ற சுற்று வீட்ஸ்டன் பெயரில் இருக்கிறது, வளையச் சோதனை ஐரோப்பியருடையது, இதில் இந்தியாவுக்கு என்ன பங்கு? கருவி வெளியிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் மழையில் ஊறும் நெடுங்கம்பியை விடாமல் அளந்தாக வேண்டிய கட்டாயம் இங்கே இருந்தது. தந்தித் துறையின் பண்டகசாலையும் பட்டறையும் அலிப்பூரிலேயே அமைந்து, பிற்காலத்தில் தொலைத்தொடர்புத் தொழிற்சாலையாகத் தொடர்ந்தன. 1912இல் ரயில்வே வாரியம் அரசுச் சோதனைச்சாலையை நிறுவ, இடம் மறுபடியும் அலிப்பூர். அதுதான் இன்றைய தேசியச் சோதனைச்சாலை. வாங்கும் பொருளை அளந்து பார்த்த பிறகே நம்புவது என்ற வழக்கத்துக்கு அங்கே ஒரு கட்டடமே எழுந்தது.

புத்தகம் ஜெர்மானியர் பெயரில் இருப்பதால் பெருமை முழுவதும் அவருக்கே போய்விடக் கூடாது. ஓஷானசியின் கீழ் டயமண்ட் ஹார்பர் தடத்தைப் பார்த்துக்கொண்டவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளி. தந்திக் கம்பங்களுக்குப் பனைமரத்தைப் பயன்படுத்தியவர். மீனவர் படகுகளைக் கொண்டு பத்மா நதியின் குறுக்கே கம்பி போட்டவர். அவருக்கு ராய் பகதூர் பட்டம் வந்தது 1883இல், ஷ்வெண்ட்லர் இறந்து ஓராண்டு கழித்து. இந்தத் தொழிலில் எழுதியவர் ஒருவர், கம்பத்தில் ஏறியவர் வேறொருவர். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

புதிய வண்டிகளில் கன்ட்ரோலரே விளக்கைச் சிமிட்டிப் பழுதின் எண்ணைச் சொல்லிவிடுகிறதே என்பது கடைசி ஆட்சேபம். வோல்ட் குறைவு என்று அது சொல்லும். எந்த டெர்மினலில், எந்தப் பேட்டரியில் குறைந்தது என்று சொல்லாது. அதனால் பேட்டரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது நன்றாக ஓடும் ஒரு நாளில், சுமை ஏற்றி ஓட்டியபடி, ஒவ்வொரு பேட்டரியும் எத்தனை வோல்ட் காட்டுகிறது, ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு விழுகிறது என்று அளந்து, தேதி போட்டு எழுதி, அந்தத் தாளை இருக்கைக்கு அடியில் ஒட்டிவையுங்கள்.