சீமைத் தக்காளி நாட்டுத் தக்காளியான கதை

இந்தியக் காய்கனிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரண்மனைத் தோட்டத்திலிருந்தே தொடங்குகின்றனர். காரணம் எளிது, எழுதுபவர் அங்கேதான் இருந்தார். 1529ஆம் ஆண்டுக் கோடையில், பல்க் பகுதியைச் சேர்ந்த தோட்டக்காரர் ஒருவர் ஆக்ராவில் விளைவித்த முலாம்பழங்களின் முதல் அறுவடை பாபரிடம் கொண்டுவரப்பட்டது. இந்துஸ்தானத்து மண்ணிலும் நல்ல முலாம்பழம் விளைகிறதே என்று அவர் மனம் நிறைந்ததை அவருடைய நினைவுக் குறிப்புகளில் வாசிக்கலாம். வீட்டுக் கொல்லையில் சுரையும் பாகலும் படரவிட்டு, வெயில் முற்றுவதற்குள் காய் பறித்துச் சமைத்தவர்கள் அப்படி எதையும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற சான்று ஒன்று உண்டு. அது காய்களின் பெயர்கள். அரசவை நூல்களுக்கு நாம் தரும் மதிப்பில் பாதியையேனும் இப்பெயர்களுக்குத் தரவேண்டும் என்பதே என் வாதம்.

மிளகாயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது, போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபஸல் எழுதிய அயினி அக்பரி, காய்கறிகளையும் மசாலாப் பொருள்களையும் விலையோடு பட்டியலிடுகிறது. அதில் மிளகு உண்டு, இஞ்சி உண்டு, மிளகாய் இல்லை. ‘நூலில் இல்லை, ஆகவே நாட்டில் இல்லை’ என்று முடிவுகட்டுவது வரலாற்று மாணவர்களிடையே இன்றும் காணப்படும் பழக்கம். அந்நூல் காட்டுவது அரசவைச் சமையலறையின் கணக்கை மட்டுமே. யாருடைய கொல்லையில் என்ன முளைத்தது என்பது அதன் கவலை அன்று.

பெயர் வேறொன்றைச் சொல்கிறது. மிளகு என்பதோடு காய் சேர்ந்து மிளகாய் ஆனது. கன்னடத்தில் மெணசு, மெணசினகாயி. தெலுங்கில் மிரியாலு, மிரபகாய. தாவர வடிவில் இரண்டிற்கும் ஒற்றுமை ஏதுமில்லை. ஒன்று மரத்தைப் பற்றி ஏறும் கொடி. மற்றது முழங்கால் உயரச் செடி. இலையும் பூவும் காயும் வேறு. இரண்டும் ஒன்றுபோல் ஆவது அம்மியிலும் நாக்கிலும் மட்டுமே. ஆகவே இப்பெயரைச் சூட்டியது தாவரங்களை ஆராய்ந்தவரின் கண் அன்று, துறைமுக வணிகரின் கணக்கும் அன்று. சமைத்தவரின் கை என்றே கருதுகிறேன். இதைப் பறங்கிக்காயோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ‘பறங்கி’ என்பது கொண்டுவந்தவரைச் சுட்டும் பெயர். மிளகாய் என்பது பயன்பாட்டைச் சுட்டும் பெயர். வங்காளியில் மிளகாயை ‘லங்கா’ என்கின்றனர்; கடல் கடந்து வந்தது என்ற நினைவு அங்கே பெயரிலேயே தங்கிவிட்டது. அபுல் ஃபஸல் அன்னாசிப் பழத்துக்கு வழங்கிய ஒரு பெயரையும் குறித்துள்ளார்: ‘கட்டஹல்-இ-சஃபரி’, அதாவது பயணப் பலா. இளஞ்செடியைத் தொட்டியில் வைத்துப் பயணத்தில் எடுத்துச் செல்லலாம் என்பது அதற்கு அவர் கூறும் காரணம்.

மிளகாய் இவ்வளவு விரைவாக மிளகின் இடத்தைப் பிடித்ததற்கும் கொல்லையே காரணம். மிளகுக் கொடிக்கு மேற்குக் கடற்கரையின் மழையும் நிழலும் வேண்டும். நட்ட பின் காய்க்க ஆண்டுகள் ஆகும். தக்காணத்திலோ கங்கைச் சமவெளியிலோ வாழ்ந்த குடும்பத்துக்கு மிளகு என்றுமே காசு கொடுத்து வாங்கும் பொருள்தான். மிளகாயோ ஒரு பழத்தின் விதைகளைத் தூவினால் சில மாதங்களில் பலன் தரும். பாத்திரம் கழுவிய நீரே அதற்குப் போதும். கோடை வெயிலில் காயவைத்தால் ஆண்டு முழுவதற்கும் இருப்பு. வற்றல் போடும் நுட்பம் சுண்டைக்காயிலும் மணத்தக்காளியிலும் ஏற்கெனவே பழகியிருந்தது. புதிய காய் அதற்குள் எளிதாக நுழைந்தது. மோர்மிளகாய் என்பது பழைய நுட்பம் புதிய செடியைத் தனதாக்கிக்கொண்ட வடிவம். காரம் சந்தையிலிருந்து கொல்லைக்கு இடம்பெயர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதன் மொழியியல் விளைவும் சுவையானது. மலையாளத்தில் இன்று முளகு என்றாலே மிளகாய். பழைய மிளகு ‘குருமுளகு’ ஆகிவிட்டது. இந்தியிலும் வெறும் ‘மிர்ச்’ மிளகாயையே குறிக்கும். மிளகைச் சொல்ல ‘காலி மிர்ச்’ எனக் கறுப்பை முன்னே சேர்க்கவேண்டும். புதியவர் அடைமொழியை உதற, பழையவர் அதை அணிய நேர்வதை மொழியியலில் குறியேற்றத் தலைகீழ் மாற்றம் என்பர். மெக்சிகோவின் செல்தால் மொழியில் மானைக் குறித்த சொல், ஸ்பானியர் கொண்டுவந்த ஆட்டுக்குப் பெயராகி, மான் ‘காட்டு’ என்ற அடைமொழி பெற்றதை விட்கோவ்ஸ்கியும் பிரவுனும் 1983இல் எடுத்துக்காட்டினர். வகுப்பறைகளில் நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் எடுத்துக்காட்டு அதுதான். நம் அஞ்சறைப் பெட்டியிலேயே அதற்கு இணையானது இருக்கிறது.

சடங்குச் சமையல் இதற்கு நேர் எதிரான சான்றைத் தருகிறது. தமிழ்ப் பிராமண வீடுகள் பலவற்றில் திவசத்தன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை விலக்கு. பாகல், புடல், அவரை, வாழைக்காய் ஆகியவற்றை மிளகுச் சேர்மானத்தோடு சமைப்பர். பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் உருளைக்கும் தக்காளிக்கும் இடமில்லை. இவற்றைப் போர்த்துக்கீசியருக்கு முந்தைய சமையலின் புதைபடிவம் என்று கொண்டாடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. திவச இலையில் பல வீடுகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு உண்டு. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. ‘வள்ளி’ என்ற பழைய கிழங்கின் பெயரை அது பெற்றுவிட்டதால் அதன் பூர்வீகத்தை யாரும் கேட்கவில்லை போலும். சடங்கு நினைவில் வைத்திருப்பது தாவரத்தின் தாயகத்தை அன்று, பெயரின் தோற்றத்தை.

மாறாக, 19ஆம் நூற்றாண்டில் வேறு வழியாக வந்தவை வேறு விதமாகப் பெயர்பெற்றன. உதகையில் 1840களில் ஐரோப்பியர் சந்தா செலுத்தித் தமக்குக் காய்கறி கிடைப்பதற்காக ஒரு தோட்டம் நடத்தினர். இன்றைய தாவரவியல் பூங்கா அதிலிருந்து வளர்ந்தது. மலையில் விளைந்து சந்தை வழியே சமவெளிக்கு இறங்கிய கேரட், பீட்ரூட், பீன்ஸ் ஆகியவை இன்றும் ஆங்கிலப் பெயரோடுதான் நம் சமையலறையில் உள்ளன. அவற்றைக் கொல்லையில் வளர்த்து உறவாடும் காலம் நமக்கு வாய்க்கவில்லை. உருளைக்கிழங்கு இதற்கு விதிவிலக்கு. கிழங்கு என்ற வகை முன்பே இருந்ததால் அடைமொழி ஒன்றே போதுமானதாயிற்று. சௌசௌ இன்னும் வேடிக்கை. தமிழில் அதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்றும் பெயர். பெங்களூரிலோ அது ‘சீமெ பதனெகாயி’, சீமைக் கத்தரிக்காய். எந்த ஊரும் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதாயில்லை. அசல் கத்தரிக்காயின் நிலையும் விசித்திரமானதே. அதன் வடமொழிப் பெயர் பாரசீகத்தில் ‘பாதிஞ்ஜான்’ ஆகி, அரபு வழியே ஐபீரியா சென்று, போர்த்துக்கீசியர் வாயில் ‘பெரின்ஜெல’ ஆகி, இந்திய ஆங்கிலத்தில் ‘பிரிஞ்ஜால்’ என்று கப்பலில் திரும்பிவந்தது.

இனித் தக்காளி. மணத்தக்காளி நம் வேலியோரங்களில் தானே முளைக்கும் சிறு செடி. அமெரிக்கத் தாவரமான பெரிய தக்காளி வந்தபோது அதைச் சீமைத் தக்காளி என்றனர். வங்காளியில் அது ‘பிலாத்தி பேகுன்’, ஒடியாவில் ‘பிலாத்தி பாய்கண’. இரண்டுக்கும் சீமைக் கத்தரி என்றே பொருள். தமிழில் காலப்போக்கில் ‘சீமை’ உதிர்ந்து, வெறும் தக்காளி என்றாலே இதுதான் என்றாயிற்று. அதோடு நிற்கவில்லை. கலப்பின வகைகள் சந்தையை நிறைத்த பிறகு, புளிப்பும் சாறும் மிகுந்த பழைய வகை ‘நாட்டுத் தக்காளி’ என்று பெயர்பெற்றது. சீமையாக வந்தது சில தலைமுறைகளில் நாடாகிவிட்டது.

மாடித்தோட்டக் குழுக்களில் ‘நாட்டு விதை’ என்ற பெயரில் மிளகாய் விதையும் தக்காளி விதையும் கைமாறுவதைச் சில அறிஞர்கள் எள்ளுகின்றனர். இவை நாட்டுப் பயிர்களே அல்ல என்கின்றனர். தாவரவியல்படி அது சரி, சொற்பொருளியல்படி தவறு. ‘நாட்டு’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் முன்பு ‘சீமை’. அப்போது அந்த இணை பிறந்த இடத்தைப் பிரித்துக் காட்டியது. இன்று அதற்கு எதிர்ச்சொல் ‘ஹைபிரிட்’. கலப்பின விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை தாய்ச்செடிபோல் அமையாது. ஆண்டுதோறும் புதிதாக வாங்கவேண்டும். நாட்டு விதையோ பழுத்த காயைப் பிளந்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, அடுத்த கோடைக்கு எடுத்துவைக்கக்கூடியது. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கை கொடுக்கக்கூடியது. விதை எங்கே பிறந்தது என்பதை அன்றி, அது யார் கையில் இருக்கிறது என்பதையே இச்சொல் இப்போது கேட்கிறது.