மரச்சாமான் வண்ணப்பூச்சில் காரீயம்: ஒரு வரலாறு

முக்காலி, நாற்காலி, தொட்டில், சிறு அலமாரி போன்ற மரச்சாமான்களின் பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, மீண்டும் வண்ணம் பூசுவது எளிய வீட்டு வேலையாகவே கருதப்படுகிறது. ஆனால் பழைய சாமான்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பூச்சு மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய பூச்சின் மேலேயே தன் வண்ணத்தை ஏற்றியிருக்கும். அடியில் உள்ள அடுக்குகளில் காரீயம் கலந்திருக்கக்கூடும். காரீயம் நஞ்சு என்பது பண்டைக் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. ஆயினும் குழந்தைகளின் தொட்டிலிலிருந்து அதை விலக்கும் சட்டங்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தன.

பெயர் விளக்கம்

பேச்சுவழக்கில் காரீயம், வெள்ளீயம் இரண்டுமே ஈயம் எனப்படுகின்றன. இவை வெவ்வேறு உலோகங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வண்ணப்பூச்சில் சேர்க்கப்பட்டதும், இக்கட்டுரை பேசுவதும் காரீயம். அதிலிருந்து செய்யப்படும் வெண்ணிறப் பொடியை இங்கு காரீய வெள்ளை என்று குறிப்பிடுகிறோம்.

காரீய வெள்ளை

காரீயத்தைக் காடியின் ஆவியில் வைத்து வெண்பொடி எடுக்கும் முறையைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் பொ.ஆ.மு. நான்காம் நூற்றாண்டை ஒட்டி எழுதிவைத்தார். பின்னாளில் ஒல்லாந்தர் இதைப் பெருந்தொழிலாக வளர்த்தனர். மண்பானைகளின் அடியில் காடி ஊற்றி, அதன்மேல் காரீயச் சுருள்களை வைத்து, பானைகளைக் குதிரைச் சாணத்துக்குள் அடுக்கடுக்காகப் புதைத்தனர். சாணம் புளிக்கும்போது எழும் வெப்பமும் கரியமில வாயுவும் காடி ஆவியுடன் சேர்ந்து, சில மாதங்களில் உலோகத்தை வெண்ணிறப் படிவமாக மாற்றின. அதை அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் வண்ணப்பூச்சு தயார்.

மரவேலைக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு நெடுங்காலம் கிடைக்கவில்லை. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். காரீயம் எண்ணெயுடன் வினைபுரிந்து நெகிழ்வான படலத்தை உண்டாக்கியதால், பூச்சு மரத்தோடு இசைந்து நின்றது, எளிதில் வெடிக்கவில்லை. அடியிலுள்ள நிறத்தையும் நன்றாக மறைத்தது. காரீயச் சேர்மங்கள் எண்ணெய் விரைவாக உலரவும் உதவின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரீயக் குரோமேட்டிலிருந்து கிடைத்த பளிச்சிடும் மஞ்சளும் இந்த வரிசையில் சேர்ந்தது.

தொழிலாளரின் நோய்

உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், காரீய வேலை செய்வோரின் வெளிறிய உடலைச் சுட்டிக்காட்டியிருந்தார். தொழில்சார் நோய்களைப் பற்றி 1700இல் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, வண்ணம் தீட்டுவோரின் நோய்களையும் அதில் சேர்த்தார். பிரான்சில் டாங்கரெல் தெ பிளான்ஷ் 1839இல் காரீய நோய்கள் குறித்து விரிவான ஆய்வை வெளியிட்டார். கடும் வயிற்றுவலி, மலச்சிக்கல், மணிக்கட்டு தளர்ந்து தொங்குதல், வலிப்பு ஆகியவை பெயிண்ட் வேலை செய்தவர்களுக்கு அடிக்கடி வந்தன.

பாரிஸில் வண்ணப்பூச்சு ஒப்பந்ததாரராக இருந்த ஜான் லெக்ளேர், தன் தொழிலாளர்கள் நோயுறுவதைக் கண்டு, 1840களில் காரீயத்துக்குப் பதிலாகத் துத்தநாக வெள்ளையைப் புகுத்தினார். மாற்று இருக்கிறது என்பது அப்போதே நடைமுறையில் காட்டப்பட்டுவிட்டது. இருந்தும் காரீய வெள்ளையின் விற்பனை நிற்கவில்லை.

பிரிஸ்பேன்: குழந்தைகளின் நோய்

அதுவரை இது தொழிலாளரின் நோயாகவே பார்க்கப்பட்டது. 1890களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகர மருத்துவர்கள் குழந்தைகளிடம் காரீய நச்சுத்தன்மையைக் கண்டனர். அது எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகள் புதிராக இருந்தது. கண் மருத்துவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் விடை தந்தார். அங்குள்ள மரவீடுகளின் தாழ்வாரக் கைப்பிடிகளில் பூசிய வண்ணம் கடும் வெயிலில் பொடியாகிறது. குழந்தைகள் அதைப் பிடித்து விளையாடுகிறார்கள். விரல் சூப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் அந்தப் பொடி வயிற்றுக்குள் செல்கிறது என்று அவர் விளக்கினார். குழந்தைகளின் கை எட்டும் இடங்களில் காரீயப் பூச்சைக் கட்டுப்படுத்தும் சட்டம் குயின்ஸ்லாந்தில் 1922இல்தான் வந்தது.

பால்டிமோர்: தொட்டில்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வலிப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இறந்தான். மூளை உறை அழற்சி போலத் தோன்றிய அவனது நோய்க்குக் காரணம் காரீயம் என்று மருத்துவர்கள் ஹென்றி தாமஸ், கென்னத் பிளாக்ஃபன் ஆகியோர் கண்டறிந்து 1914இல் வெளியிட்டனர். அவன் தன் தொட்டிலின் கம்பிகளிலிருந்த வெள்ளைப் பூச்சைக் கடித்துத் தின்றிருந்தான். பல் முளைக்கும் பருவத்துக் குழந்தை எதையும் கடிக்கும் என்பதால், மரச்சாமான்களில் தொட்டிலே மிகுந்த ஆபத்துக்குரியது என்பது இதனால் தெளிவானது.

பிழைத்த குழந்தைகள் முழுமையாகக் குணமாகிவிடுவதாகவே நெடுநாள் நம்பப்பட்டது. 1943இல் ராண்டால்ஃப் பையர்ஸ், எலிசபெத் லார்டு என்னும் ஆய்வாளர்கள், காரீய நஞ்சிலிருந்து மீண்ட 20 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தனர். அவர்களில் 19 பேர் பள்ளியில் தேற முடியாமல் தடுமாறினர். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன், விழுந்த பால்பற்களில் உள்ள காரீயத்தை அளந்தார். வெளிப்படையான நோய்க்குறி எதுவும் இல்லாத குழந்தைகளிடமும், காரீயம் கூடுதலாக இருந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்ததை அவர் காட்டினார்.

சட்டங்கள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921இல் கட்டடங்களின் உட்புறத்தில் காரீய வெள்ளையைப் பூசுவதைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அங்கு 1955இல் வந்த ஒரு சதவீத வரம்பு தன்னார்வத் தர அளவாகவே இருந்தது. 1978இல்தான் 600 பிபிஎம் அளவுக்கு மேல் காரீயம் உள்ள வீட்டு வண்ணப்பூச்சுகளும், அவ்வாறு பூசப்பட்ட பொம்மைகளும் மரச்சாமான்களும் தடைசெய்யப்பட்டன. இந்த வரம்பு 2009இல் 90 பிபிஎம் ஆகக் குறைக்கப்பட்டது. பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்பதே பிபிஎம்.

இந்தியாவில் வீட்டு, அலங்கார வண்ணப்பூச்சுகளுக்கான காரீய விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டன. 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன் பூசப்பட்ட எனாமல் பெயிண்டை, குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகிய பளிச்சிடும் நிறங்களை, ஐயத்துடன் அணுகுவதே முறை.

புதிய பூச்சுகளும் பழைய அடுக்கும்

முதல் உலகப் போர்க் காலத்தில் வணிக உற்பத்திக்கு வந்த டைட்டானியம் டை ஆக்சைடு, காரீய வெள்ளையைவிட நன்றாக மறைக்கும் வெண்ணிறத்தைத் தந்தது. நீரில் கரையும் பூச்சுகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவின. பழைய மரச்சாமான்களை வீட்டிலேயே புதுப்பிப்போருக்காக இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன் 1990இல் அறிமுகப்படுத்திய சாக் பெயிண்ட், அதிகம் தேய்க்காமலே பழைய பூச்சின் மீது பிடித்துக்கொள்வதால் புகழ்பெற்றது. ஆனால் மேலே எது பூசப்பட்டாலும் அடியிலுள்ள காரீயம் அங்கேயே இருக்கும். காலம் அதை மக்கச் செய்வதில்லை.

புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை

பழைய பூச்சு மரத்தில் உறுதியாக ஒட்டியிருக்கும் வரை ஆபத்து குறைவு. உலர்ந்த நிலையில் உப்புத்தாளாலோ இயந்திரத்தாலோ தேய்க்கும்போது அது நுண்தூசியாகி அறை முழுவதும் படிகிறது. நெருப்பாலோ வெப்பக் காற்றாலோ உரிக்கும்போது நச்சுப் புகை எழுகிறது. உட்கொண்ட காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடல், பெரியவர்களின் உடலைவிட 4 முதல் 5 மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. கருவுற்ற தாயின் உடலிலுள்ள காரீயம் கருவையும் சென்றடைகிறது.

ஆகவே வயது தெரியாத பூச்சைக் காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. பூச்சு உரியாமல் இருந்தால் கழுவித் துடைத்து, நீர் தொட்டு மென்மையாகத் தேய்த்து, மேலே புதிய பூச்சு இடலாம். வேலை நடக்கும் இடத்துக்குக் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வரக் கூடாது. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அப்போது உடுத்திய துணிகளைத் தனியே துவைக்க வேண்டும். பூச்சு முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் அதில் காரீயம் உள்ளதா என்று சோதிப்பது நல்லது.

தொட்டிலுக்கு இந்த வழி பொருந்தாது. குழந்தையின் பல் மேல்பூச்சைத் தாண்டி அடி அடுக்கை எட்டிவிடும். தலைமுறைகள் கடந்து வந்த வண்ணத் தொட்டிலை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். சோதித்துக் காரீயம் இல்லை என்று உறுதியாகும் வரை அதில் குழந்தையைக் கிடத்தக் கூடாது.