சாம்பியனையும் உட்கார விடாத புண்

1955, டூர் டி பிரான்ஸ். சீட்டில் உரசி உரசி வந்த புண்ணோட, வலியைப் பொறுத்துக்கிட்டு ஓட்டி, தொடர்ந்து மூணாவது வருஷமா ஜெயிச்சார் பிரெஞ்சு வீரர் லூயிசோன் போபே. அப்புறம் ஆபரேஷன். அந்தப் பந்தயத்தை அவர் மறுபடி ஜெயிக்கவே இல்லை.

அந்தக் காலத்து சைக்கிள் டிராயருக்குள்ள ஷாமி என்கிற மலையாட்டுத் தோலை வச்சுத் தைப்பாங்க. துவைச்சுக் காயப்போட்டா அப்பளம் மாதிரி விறைச்சுக்கும். அதை மிருதுவாக்கத்தான் முதலில் கிரீம் தடவினாங்க. இப்போ ஆட்டுத்தோல் போய் செயற்கைத் துணி வந்தாச்சு. கிரீம் மட்டும் உரசலைக் குறைக்க நம்ம தோலுக்கு வந்துடுச்சு.

புண்ணுக்குக் காரணம் மாறவே இல்லை: வியர்வை, உரசல், கிருமி. அதனால துவைச்ச ஷார்ட்ஸ் போடுங்க, உள்ளே ஜட்டி வேண்டாம், ஓட்டி முடிச்ச உடனே மாத்திடுங்க.

அதையும் மீறிப் புண் வந்தா? 1987 ஸ்பெயின் வுவெல்டாவில் அயர்லாந்தின் ஷான் கெல்லி முதலிடத்தில் இருந்தார். முடிய சில நாள்தான் பாக்கி. புண் தாங்காம விலகிட்டார். அடுத்த வருஷம் திரும்பி வந்து அதே பந்தயத்தை ஜெயிச்சார். வலிச்சா இறங்கிடுங்க, ரோடு எங்கேயும் போயிடாது.