பந்து எந்தப் பக்கம்? உள்ளூர்க் கால்பந்து வானொலி வர்ணனையின் தரம் குறித்து

உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களின் வானொலி வர்ணனையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, வர்ணனையாளர் சொந்த ஊர் அணியின் பக்கம் சாய்கிறார் என்பது. தரத்தை அளக்க இது சரியான அளவுகோல் அல்ல. கேட்பவர்களும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுக் கேட்க அவர்களுக்குத் தெரியும். பந்து எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால்தான் அவர்களுக்கு வேறு வழியில்லை. உள்ளூர் வர்ணனையின் தரம் முதலில் இடத்தைச் சொல்லும் திறனில் இருக்கிறது என்பதே என் வாதம்.

தொடக்க கால ஒலிபரப்பாளர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1927 ஜனவரி 22 அன்று லண்டன் ஹைபரி மைதானத்திலிருந்து ஆர்சனல், ஷெஃபீல்ட் யுனைடெட் ஆட்டத்தை பிபிசி ஒலிபரப்பியது. மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த வரைபடத்தை ரேடியோ டைம்ஸ் இதழ் அச்சிட்டிருந்தது. டெடி வேக்லம் வர்ணிக்க, அருகில் இருந்தவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணை இடையிடையே சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்பு, ட்விக்கனம் ரக்பி ஆட்டத்தின்போது, பார்வையற்ற ஒருவரை வேக்லமின் எதிரில் உட்காரவைத்திருந்தார்கள். அவருக்கு விளங்கும்படி பேசினால் நாட்டுக்கே விளங்கும் என்பது எண்ணம். வர்ணனைக் கலைக்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் கண்டதில்லை.

1931 ஜூலை 19 அன்று பிரேசிலில் சாவோ பாவ்லோ, பரனா அணிகளின் ஆட்டத்தை வர்ணித்த நிக்கொலாவ் துமாவும், பார்க்க முடியாதவருக்கு ஆட்டத்தைக் காட்டும் இதே சிக்கலை எதிர்கொண்டார். சட்டைகளில் எண் கிடையாது. ஆட்டத்துக்கு முன்பே வீரர்களைப் போய்ப் பார்த்து, ஒவ்வொருவரின் அடையாளத்தையும் மனத்தில் இருத்திக்கொண்டார். நேயர்களிடம் ஒரு தீப்பெட்டியை எதிரில் வைத்து அதையே மைதானமாக எண்ணிக்கொள்ளச் சொன்னார்.

இன்று கேட்கக் கிடைப்பதோ வேறு. “அருமையான பாஸ், அபாரமான ஓட்டம், அடடா, போய்விட்டது!” எங்கிருந்து பாஸ்? எந்த ஓரத்தில் ஓட்டம்? பந்து கம்பத்துக்கு மேலே போனதா, கார்னர் கிடைத்ததா? ஒன்றும் தெரியாது. இது தொலைக்காட்சி கற்றுக்கொடுத்த பழக்கம். அங்கே இடத்தைப் படம் சொல்லிவிடுகிறது, குரலுக்கு வியப்பதொன்றே வேலை. ஸ்கோரைச் சொல்வதிலும் இதே அசட்டை. நடுவில் வானொலியைத் திருப்பியவருக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் யார் முன்னிலை என்று தெரியவருகிறது. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், ஸ்கோரைச் சொல்ல மறக்கக் கூடாதென்று மூன்று நிமிட மணல் கடிகையை மேசைமேல் வைத்திருந்தார்.

உள்ளூர் வர்ணனையாளருக்கு மட்டும் வாய்த்த வசதி ஒன்று உண்டு. அவருக்கு வரைபடம் அச்சிட வேண்டியதில்லை. மைதானம் கேட்பவரின் நினைவிலேயே இருக்கிறது. லிவர்பூலில் “கோப் முனையை நோக்கி” என்றால் போதும், ஆன்ஃபீல்டு மைதானத்துக்குப் போய்வந்தவருக்குத் திசை விளங்கிவிடும். இங்கிலாந்தில் பல கழகங்களின் மைதானங்களிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக மருத்துவமனைப் படுக்கைகளுக்கு வர்ணனை போனதுண்டு. எழுந்து நடக்க முடியாதவர் தான் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்தே ஆட்டத்தைக் கண்டிருப்பார். ஊர்ப்பற்று வர்ணனைக்குப் பயன்பட வேண்டிய இடம் இதுதான். நடுவரைத் திட்டுவதற்கு அது தேவையில்லை.

தமிழில் வர்ணிப்பவருக்கு மொழியே கூடுதலாக ஒரு கை கொடுக்கிறது. அகில இந்திய வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் கிரிக்கெட்டைத் தமிழில் சொல்லிக் காட்டினார்கள். கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து மூச்சுவிட நேரம் உண்டு. கால்பந்தில் அது இல்லை. ஆனால் தமிழில் இடத்தை முதலில் வைத்து, எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம்: “வலது ஓரத்தில் பந்தை வாங்கி, ஒருவரைத் தாண்டி, கார்னர் கொடிக்கு அருகிலிருந்து உள்ளே தூக்கி…” வினைமுற்று இன்னும் வரவில்லை, பந்தும் இன்னும் காற்றில்தான் இருக்கிறது.