எண்முறை எதிர்முழக்கக் கருவியும் இராமேசுவரத்து மூன்றாம் பிரகாரமும்: ஒலி நிரலாக்கம் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒலிப்பதிவுக்கூடங்களில் பயன்படும் எண்முறை ஒலிவிளைவுக் கருவிகள், உண்மையான இடங்களின் எதிர்முழக்கத்தைக் கணக்கீட்டால் உருவாக்குகின்றன. அவற்றுடன் வரும் நிரல்கள் பெரும்பாலும் மேலை இசையரங்கை முன்மாதிரியாகக் கொண்டவை. இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தை ஒப்பீட்டுக் களமாகக் கொண்டு அம்முன்மாதிரியின் எல்லையை இக்கட்டுரை ஆராய்கிறது. பயனர் தாமே அமைக்கும் நிரல் இசை வரலாற்றுக்குரிய ஓர் ஆவணம் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எதிர்முழக்கம், எண்முறை ஒலி, பயனர் நிரல், இராமேசுவரம், மூன்றாம் பிரகாரம், திரையிசை

முன்னுரை

ஓர் இடத்தில் எழும் ஒலி, மூலம் நின்ற பின்னரும் சுவர்களிலும் கூரையிலும் பட்டுப் பட்டுத் தேய்ந்து மறைவதே எதிர்முழக்கம். தனித்துக் கேட்கும் எதிரொலியிலிருந்து இது வேறுபட்டது. ஆயிரக்கணக்கான எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து பிரித்தறிய இயலாத நிலையை அடையும்போது எதிர்முழக்கம் பிறக்கிறது. இதனை முதன்முதலில் அளவிட்டு விதிப்படுத்தியவர் வாலஸ் சபைன். ஆர்வர்டு பல்கலைக்கழக விரிவுரை அரங்கு ஒன்றில் 1895இல் அவர் தொடங்கிய ஆய்வு, 1900இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் சிம்பொனி அரங்கின் வடிவமைப்புக்கு அடிப்படையாயிற்று. எதிர்முழக்க அறிவியல் இசையரங்கில் பிறந்தது என்னும் இச்செய்தி பின்வரும் வாதத்திற்கு இன்றியமையாதது.

கருவியின் வரலாறு

தொடக்கத்தில் எதிர்முழக்கத்தைச் சேர்ப்பதற்கு வெற்று அறைகளே பயன்பட்டன. பதிவான குரலை அறைக்குள் ஒலிபெருக்கியால் ஒலிக்கச் செய்து, திரும்பும் ஒலியை ஒலிவாங்கியால் பெற்றனர். 1957இல் செருமானிய நிறுவனத்தின் இ.எம்.டி. 140 என்னும் எஃகுத் தகட்டுக் கருவி அறையின் இடத்தைப் பெற்றது. பெல் ஆய்வகத்தைச் சார்ந்த மான்பிரெட் சுரோடர் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகள் எண்முறைக்கு வழி வகுத்தன. ஒலியைச் சிறு தாமதங்களுக்கு உட்படுத்தி, அதன் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தும் சுற்றுகளை இணைத்தால் எதிர்முழக்கத்தை ஒத்த செறிவைப் பெறலாம் என அவர் காட்டினார். இயல்பான தோற்றத்திற்கு நொடிக்கு ஏறத்தாழ 1000 எதிரொலிகள் தேவை என்பது அவர் கணிப்பு.

இக்கொள்கை 1976இல் இ.எம்.டி. 250 ஆகவும் 1978இல் லெக்சிகன் 224 ஆகவும் விற்பனைக்கு வந்தது. 1985இல் வெளியான யமஹா எஸ்.பி.எக்ஸ். 90 சிறு கூடங்களும் வாங்கத்தக்க விலையில் அமைந்தது. அதில் நிறுவனம் தந்த நிரல்கள் 30. பயனர் தாமே அமைத்துச் சேமிக்கும் இடங்கள் 60. எதிர்முழக்கக் காலம், தொடக்கத் தாமதம், உயரதிர்வெண் தேய்வு முதலிய எண்களை மாற்றி அமைப்பதே நிரலாக்கம். நிறுவனத்தார் தந்த எதிர்முழக்க நிரல்கள் அரங்கு, அறை, தகடு முதலிய பெயர்களைத் தாங்கி நின்றன.

தமிழ்ச் சூழல்

எஸ்.பி.எக்ஸ். 90 வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டில் வெளியான புன்னகை மன்னன் (1986) படத்தில் இளையராசா கணினிவழி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ரோஜா படத்தின் வழியாக ஏ.ஆர். ரகுமான் அறிமுகமானார், அவர்தம் வீட்டை ஒட்டிய கூடத்தில் இசையமைக்கும் முறை அதன்பின் பலராலும் பின்பற்றப்பட்டது. பேரரங்கில் பலர் ஒருங்கிருந்து வாசிக்கும்போது அவ்வரங்கின் எதிர்முழக்கமும் உடன் பதிவாகும். சிறிய, ஒலியுறிஞ்சும் அறையில் தனித்தனியாகப் பதிவாகும் குரலுக்கோ இடம் என ஒன்றில்லை. அதற்கு இடம் வழங்கும் பொறுப்பு கருவியைச் சார்ந்தது. ஆகவே எந்த இடத்தின் எண்கள் கருவியில் உள்ளன என்னும் வினா, பாட்டு எங்கு நிகழ்வதாகக் கேட்போர் உணர்கின்றனர் என்னும் வினாவாகவும் ஆகிறது.

மூன்றாம் பிரகாரத்தின் ஒலியியல்

இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவுற்றது. கோயில் நூல்கள் தரும் அளவின்படி கிழக்கு மேற்கில் அதன் நீளம் 690 அடி. தெற்கு வடக்கில் 435 அடி. உயரம் ஏறத்தாழ 6.9 மீட்டர், தூண்கள் 1212. சேம்சு பெர்குசன் 1876இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை நூலிலும் இப்பிரகாரங்களே சிறப்பிடம் பெற்றன. அவ்வருணனை கண்ணின் வழிப்பட்டது. செவியின் வழி நோக்கினால் பின்வருவன புலனாகும்.

வெப்பநிலை 30 பாகையாயின் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். நின்று பாடுபவரின் குரல் கூரையில் பட்டு அவர் செவிக்குத் திரும்ப ஏறத்தாழ 31 மில்லிநொடி ஆகும். அதே குரல் 690 அடி கடந்து மறுமுனையை அடைய 0.6 நொடியும், அங்கிருந்து மீள மேலும் 0.6 நொடியும் ஆகும். மிகக் குறுகிய தாமதமும் மிக நெடிய தாமதமும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

இடையில் நிற்கும் தூண் வரிசைகள் ஒலியைச் சிதறடிக்கின்றன. 100 எர்ட்சு ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆதலால் தவிலின் தாழ்ந்த ஓசை தூண்களைச் சுற்றிக் கடந்து செல்லும். 3000 எர்ட்சு ஒலியின் அலைநீளம் 12 செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாகசுரத்தின் கூர்மையைத் தரும் அக்கூறுகள் தூண்களில் பட்டுச் சிதறும். வறண்ட காற்றினும் ஈரக்காற்று உயர் அதிர்வெண்களைக் குறைவாக உறிஞ்சும் என்பதால் கடற்கரையின் ஈரப்பதமும் இங்குக் கருதத்தக்கது.

அனைத்தினும் முதன்மையானது வடிவம். ஒலி எங்கும் சீராகப் பரவும் என்பது சபைன் விதியின் எடுகோள். நீளம் மிகுந்து, அகலமும் உயரமும் குறைந்த இடத்தில் இவ்வெடுகோள் பொருந்துவதில்லை. அங்குத் தொலைவு கூடக் கூட ஒலியின் வலிமை குறையும். தேய்வுக் காலமோ நீளும். எனவே பிரகாரம் முழுமைக்கும் ஒரே எதிர்முழக்கக் காலத்தைக் குறிக்க இயலாது. அருகில் நிற்பவருக்கு ஒரு நிரலும் தொலைவில் நிற்பவருக்கு மற்றொரு நிரலும் வேண்டும். சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரமும் தவிலும் நகர்ந்து வருவதால், அந்நிகழ்வைக் கருவியில் அமைப்பவர் ஒலிக்கும்போதே எண்களை மாற்றுதல் வேண்டும். அரங்கு என்னும் ஆயத்த நிரலில் இவ்வியல்புகள் அமைவதில்லை.

பதிவுமுறையும் ஆவண மதிப்பும்

1999இல் வெளிவந்த சோனி டி.ஆர்.இ.-எஸ்777, உண்மை இடங்களில் பதிவு செய்த ஒலித்துலங்கலைக் கொண்டு எதிர்முழக்கத்தை உருவாக்கியது. 2000இல் ஆஞ்செலோ பரினா முன்வைத்த, அதிர்வெண் ஏறிச் செல்லும் ஒலியால் அளக்கும் முறை இப்பணியை எளிதாக்கிற்று. எனினும் ஒரு துலங்கல் ஒரு மூலத்திற்கும் ஒரு செவியிடத்திற்கும் மட்டுமே உரியது. நீண்ட பிரகாரத்திற்குப் பல இடங்களின் துலங்கல்கள் தேவைப்படும்.

பயனர் நிரலுக்குத் தனித்த மதிப்பு உண்டு. துலங்கல் இடத்தைப் பதிவு செய்கிறது. பயனர் நிரல் அவ்விடம் எவ்வாறு ஒலிக்கவேண்டும் என்று ஒலிப்பொறியாளர் கொண்ட முடிவைப் பதிவு செய்கிறது. ஓலைச்சுவடியின் பாடவேறுபாடு போன்று, எண்களில் செய்த சிறு மாற்றமும் ஒரு தெரிவைச் சுட்டும். ஆனால் 1980களின் கருவிகள் பலவற்றில் நினைவகம் உள்ளிருக்கும் சிறு மின்கலத்தைச் சார்ந்துள்ளது. மின்கலம் தீர்ந்தால் நிறுவனத்தார் தந்த நிரல்கள் எஞ்சும். பயனர் அமைத்தவை மறையும். தமிழ்நாட்டுக் கூடங்களில் அமைக்கப்பெற்ற நிரல்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

முடிவுரை

எண்முறை எதிர்முழக்கக் கருவி இசையரங்கின் வரலாற்றைத் தன் ஆயத்த நிரல்களில் சுமந்து வந்தது. மூன்றாம் பிரகாரம் போன்ற நெடுவெளி அவ்வரலாற்றுக்குப் புறத்தே நிற்பது. அதனைக் கருவிக்குள் கொணரப் பயனர் நிரலாக்கமே வழி. எனவே திரையிசை ஆய்வாளர் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களோடு கருவியின் பெயர், நிரலின் எண், மாற்றப்பட்ட அளவுகள் ஆகியவற்றையும் ஒலிப்பொறியாளரிடமிருந்து கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பழைய கருவியின் மின்கலத்தை மாற்றுவதற்கு முன் அதன் நினைவகத்தை எழுதி வைத்தலும் ஆவணக்காப்புப் பணியாகக் கருதப்படல் வேண்டும்.