தள்ளிப்போட்ட செலவு: ஃப்ளோரிடா அப்பார்ட்மென்ட் சங்கங்களும் 2022 சட்டமும்

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்ற வார்த்தை முதல் வருடத்திலேயே அலுத்துப் போயிருக்கும். அந்த வார்த்தையை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. அங்கே அப்பார்ட்மென்ட் சங்கங்கள் இன்று திணறிக்கொண்டு கடைப்பிடிக்கும் சட்டம் எங்கிருந்து வந்தது, அதற்கு எப்படி ஈடுகொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கூரை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் தனித்தனியாக விற்கப்படும் அடுக்குமாடி வீட்டை 'காண்டோமினியம்' என்பார்கள். சுருக்கமாகக் காண்டோ. நான்கு சுவருக்குள் இருப்பது உங்களுடையது. கூரை, தூண், லிஃப்ட், நீச்சல் குளம் எல்லாம் அனைவருக்கும் பொது. போர்ட்டோ ரிக்கோ 1958-ல் இதற்குச் சட்டம் போட்டது. 1961-ல் அமெரிக்க மத்திய அரசு இந்த வீடுகளுக்கான கடனுக்கும் காப்பீடு தர முன்வந்தது. 1963-ல் ஃப்ளோரிடா தன் காண்டோ சட்டத்தைக் கொண்டுவந்தது.

வீடு வாங்கிய எல்லோரும் சங்கத்தில் உறுப்பினர்கள். அவர்களே தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு மாதாமாதம் பராமரிப்புப் பணம் வசூலிக்கும். கூரை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது போன்ற பெரிய செலவுகளுக்குத் தனியாக ஒரு ஒதுக்கு நிதி சேர்க்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. கூட்டத்தில் பெரும்பான்மை வோட்டு போட்டால், அந்த வருடம் நிதியைக் குறைக்கலாம், அல்லது சேர்க்காமலே விட்டுவிடலாம்.

யோசித்துப் பாருங்கள். 'இந்த வருடம் அதிகப் பணம் கட்டலாமா, வேண்டாமா?' என்று கேட்டு வோட்டு வைத்தால் எது ஜெயிக்கும்? ஃப்ளோரிடாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் குடியேறியவர்கள் ஏராளம். பென்ஷன் பணத்தில் வாழும் ஒருவருக்கு இருபது வருடம் கழித்து வரும் கூரைச் செலவு என்ன அவசரம்? அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வந்த சட்டமும் போன சட்டமும்

1974-ல் மயாமி நகரத்தில் ஒரு அரசு அலுவலகக் கட்டடம் இடிந்து 7 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மயாமி பகுதியில் 40 வயதான கட்டடங்களைப் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. மாநிலம் முழுவதற்கும் அப்படி ஒரு விதி இல்லை.

2008-ல் மாநில அளவில் ஒரு முயற்சி நடந்தது. மூன்று மாடிக்கு மேற்பட்ட காண்டோக்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பொறியாளரோ கட்டடக் கலைஞரோ பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதிலும் வோட்டு போட்டு விலக்கிக்கொள்ளும் வசதி இருந்தது. இரண்டே வருடத்தில், 2010-ல், அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள்.

2021 ஜூன் 24

மயாமி கடற்கரையை ஒட்டிய ஊர் சர்ஃப்சைட். அங்கே 1981-ல் கட்டப்பட்ட சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டடத்தில் 136 வீடுகள். 2018-லேயே ஒரு பொறியியல் நிறுவனம் அறிக்கை கொடுத்திருந்தது. நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்பு கெட்டுவிட்டது, அடியில் உள்ள கான்கிரீட் பெரிதாகச் சேதமாகியிருக்கிறது என்று அதில் இருந்தது. பழுதுபார்க்கும் மதிப்பீடு சுமார் 90 லட்சம் டாலர்.

அதன் பின் நடந்தவை சங்கக் கூட்டத்துக்குப் போன எவருக்கும் பழகிய காட்சிகள். வாக்குவாதம், ஒத்திவைப்பு, நிர்வாகிகள் ராஜினாமா. 2021 தொடக்கத்தில் ஒதுக்கு நிதியில் இருந்தது சுமார் 7 லட்சம் டாலர். இருந்திருக்க வேண்டியது ஒரு கோடி டாலருக்கும் மேல். 2021 ஏப்ரலில் ஒருவழியாக 1.5 கோடி டாலர் வசூலிக்க முடிவானது. வீட்டுக்குச் சுமார் 80,000 டாலரில் தொடங்கி 3,30,000 டாலருக்கு மேல் வரை! ஜூலை முதல் பணம் கட்ட வேண்டும்.

ஜூன் 24 அதிகாலை ஒன்றரை மணிக்குச் சற்று முன் கட்டடத்தின் பாதி சரிந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 98 பேர் இறந்தார்கள்.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அரசு நிறுவனமான நிஸ்ட் நடத்திய விசாரணையில், நீச்சல் குளத் தளத்தின் ஆரம்ப வடிவமைப்பிலேயே விதிகள் கேட்ட வலிமை இல்லை என்று தெரியவந்தது. ஆனாலும் 2018-க்கும் 2021-க்கும் இடையில் இருந்த மூன்று வருடங்களை யாரும் மறந்துவிட முடியாது.

2022 சட்டம்

2022 மே மாதம் ஃப்ளோரிடா சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஒரு எதிர்ப்பு வோட்டுகூட இல்லாமல் புதிய சட்டத்தை நிறைவேற்றின. மூன்று அல்லது அதற்கு மேல் மாடி உள்ள காண்டோ 30 வயதானதும் கட்டமைப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன் பின் 10 வருடத்துக்கு ஒருமுறை. கடலுக்கு அருகில் இருந்தால் உள்ளூர் நிர்வாகம் 25 வயதிலேயே கேட்கலாம். கூரை, தாங்கு சுவர்கள், குழாய், மின்சாரம், நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவற்றுக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள், மாற்ற எவ்வளவு ஆகும் என்ற ஆய்வும் கட்டாயம். முக்கியமானது இதுதான்: 2024 இறுதியிலிருந்து போடும் பட்ஜெட்களில் இந்த இனங்களுக்கான நிதியை வோட்டு போட்டுத் தள்ளிவிட முடியாது. அந்தப் பழைய கதவு மூடப்பட்டது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கற்பனைக் கட்டடம். 100 வீடுகள். கூரை மாற்ற 6 லட்சம் டாலர், ஆயுள் 20 வருடம். முதல் வருடமே தொடங்கினால் வருடத்துக்கு 30,000 டாலர். வீட்டுக்கு மாதம் 25 டாலர். 15 வருடம் ஒன்றுமே சேர்க்காமல் விட்டால், மிச்சமுள்ள ஐந்து வருடத்தில் மாதம் 100 டாலர். இது கூரைக்கு மட்டும், விலைவாசி ஏறாமல் இருந்தால். அந்த 15 வருடத்தில் வீட்டை விற்றுவிட்டுப் போனவர் கூரையை அனுபவித்தார், காசு கட்டவில்லை. புதிதாக வந்தவர் அவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். தள்ளிப்போட்ட செலவு சேமிப்பு ஆகாது. அது எந்தப் பேரேட்டிலும் எழுதாத கடன்.

அதனால்தான் இந்தச் சட்டம் பழைய கட்டடங்களில் பெரிய வலியைக் கொடுத்தது. மாதக் கட்டணம் எகிறியது. கட்ட முடியாத முதியவர்கள் வீட்டை விற்க வேண்டி வந்தது. இதைப் பார்த்து 2025-ல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆய்வை முடிக்கும் கெடு 2025 டிசம்பர் 31 வரை நீண்டது. நிதிக்கு வங்கிக் கடன் வாங்கவும் வழி கிடைத்தது.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

1. கட்டடத்தின் வயதையும், எந்த வருடம் பரிசோதனை வருகிறது என்பதையும் முதலில் எழுதி வைப்பது. கெடு நெருங்கும்போது தேடினால் பொறியாளர் கிடைப்பது கஷ்டம்.

2. பரிசோதனை அறிக்கையின் சுருக்கத்தை எல்லா உரிமையாளருக்கும் கொடுப்பது. அது வந்து 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். விஷயம் தெரியாமல் யாரும் பணம் கட்ட மாட்டார்கள்.

3. அன்றாடச் செலவையும் ஒதுக்கு நிதியையும் தனித்தனியாகக் காட்டுவது. லிஃப்ட் கரன்ட் பில்லுக்குக் கூரைப் பணத்தில் கை வைக்கும் பழக்கம் அப்போதுதான் நிற்கும்.

4. ஒரேயடியாக வசூலிப்பதா, கடன் வாங்கித் தவணையாகக் கட்டுவதா என்று வட்டியோடு கணக்குப் போட்டு உறுப்பினர் முன் வைப்பது. வயதானவர்களுக்கு இந்த வித்தியாசம் வீட்டை வைத்திருப்பதா, இழப்பதா என்பதையே முடிவு செய்யும்.

5. 2024-ல் வந்த திருத்தப்படி நிர்வாகிகள் குறைந்தது நான்கு மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். அதைச் சடங்காக நினைக்காமல் கணக்குப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஃப்ளோரிடாவில் அணை போட ஒருமுறை 2008-ல் முயன்று, 2010-ல் தாங்களே அதை உடைத்தார்கள். திரும்பக் கட்ட 98 உயிர்கள் தேவைப்பட்டன. பெரும்பான்மை வோட்டால் பட்ஜெட்டை மாற்றலாம், நிர்வாகியை மாற்றலாம். கான்கிரீட்டின் வயதை மட்டும் மாற்ற முடியாது.